பட்டறைக்குப் போகலாமா, தம்பி?

(திருவெறும்பூர் வட்டாரத்துப் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. ஏட்டின் வாசகத் தோழர்களுக்காக எழுத்தில் வடிக்கப்பட்டது.)

ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தேநீர் ஆறுவதையும் மறந்து, இந்த ஏட்டை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் தோழனே!

இன்று நான் பேசுவதாக இருந்த பொருள் வேறு. பேசப் போகும் பொருள் வேறு. மாற்றியவர் நம் தோழர் ஒருவர். மேடையேறுவதற்கு முன், கொடிக்கம்பத்தின் அடியில் என்னை வழிமறித்து நிறுத்தினார். நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்து காய்த்துப்போன கை. கரை வேட்டி மட்டும் கசங்காமல் இருந்தது.

“தம்பி! மேடையில் நின்று நாட்டுக்கெல்லாம் வழி சொல்கிறீர்கள். என் வீட்டுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். என் மகன் பத்தாம் வகுப்புத் தேறிவிட்டான். நல்ல மதிப்பெண். பொறியியல் கல்லூரியில் சேர்ப்பேன், கடன் வாங்கியாவது சேர்ப்பேன் என்று கட்டியிருக்கிறேன் மனக்கோட்டை. அவனோ, ஐ.டி.ஐ.யில் சேர்ந்து பிட்டர் வேலை படிக்கிறேன், பிறகு வெல்டிங்கும் கற்றுக்கொள்கிறேன் என்கிறான். என் தகப்பனார் பிறந்தது கொல்லன் வீடு. எட்டு வயதில் துருத்தி ஊதியவர். அந்த நெருப்பின் முன்னாலிருந்து தப்பித்து வர எங்களுக்கு இரண்டு தலைமுறை ஆயிற்று. மூன்றாம் தலைமுறை மறுபடியும் நெருப்பின் முன்னால் போய் நிற்பதா? இதற்காகவா குலக்கல்வியை எதிர்த்துக் கொடி பிடித்தோம்?”

கேட்டார், தோழர்களே! கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்கு முழம் தள்ளி நின்றிருந்தான் மகன். தலை குனிந்திருந்தது, ஆனால் முகத்தில் தவறு செய்தவனின் குறி இல்லை.

என்ன பதில் சொல்வது? ‘கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள், கவலை தீரும்’ என்று சுவரொட்டி வாசகம் பேசிவிட்டுப் போகலாமா? அல்லது, ‘ஐயோ, பட்டறையா? வேண்டாம்! பட்டம் படி, பதவி பிடி’ என்று பழைய பல்லவியைப் பாடிவிட்டுப் போகலாமா? இரண்டும் எளிது. இரண்டும் அந்த வீட்டுக்கு உதவாது.

என் யோக்கியதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். பட்டம் வேண்டாம் என்று ஊருக்கு உபதேசிக்க எனக்கு உரிமை இல்லை. வேண்டும் என்று வற்புறுத்தத் தகுதியும் இல்லை. கைத்தொழில் கற்றவனா என்றால் அதுவும் இல்லை. நாவை நம்பிப் பிழைப்பவன். ஆனால், நாடகம் போடுகிறவன் என்ற முறையில் ஓர் உண்மையை நேரில் கண்டவன். ஒரு முறை, கதாநாயகன் கனல் கக்கப் பேசிக்கொண்டிருந்த கட்டத்தில் மேடை விளக்குகள் அத்தனையும் அணைந்துவிட்டன. எழுதிய நான் இருட்டில் நின்றேன். நடித்தவன் இருட்டில் நின்றான். தலைமை தாங்க வந்த பெருமகனாரும் இருட்டில்தான் அமர்ந்திருந்தார். மின்பணியாளர் ஒருவர், வாயில் கைவிளக்கைக் கவ்விக்கொண்டு, பத்து நிமிடத்தில் குறை எங்கே என்று கண்டுபிடித்து ஒளி தந்தார். அன்றிரவு மாலை எனக்கு விழுந்தது, அவருக்கு விழவில்லை. அந்த மாலையின் கனம் இன்றும் என் கழுத்தில் உறுத்துகிறது.

கைவேலை தாழ்ந்தது என்ற எண்ணம் தமிழன் மண்ணில் முளைத்ததா? புறநானூற்றைப் புரட்டிப் பாருங்கள். 312-ஆம் பாட்டில் பொன்முடியார் கடமைகளை வரிசைப்படுத்துகிறார். பெற்றெடுக்கும் தாய்க்கு ஒரு கடமை; சான்றோனாக்கும் தந்தைக்கு ஒரு கடமை; நாடாளும் வேந்தனுக்கு ஒரு கடமை. அதே வரிசையில், அதே மதிப்பில், வேல் வடித்துத் தரும் கொல்லனுக்கும் ஒரு கடமை! வேந்தனையும் கொல்லனையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து அமர்த்தினாள் அந்தப் பெண்பாற் புலவர். பிற்காலத்தில்தான் வந்தது, ஏடு பிடித்த கை மேல், ஏர் பிடித்த கை கீழ் என்னும் ஏற்பாடு.

நாம் நிற்கும் இந்த மண்ணையே பாருங்கள். மேற்கே பொன்மலை, 1928-இல் எழுந்த ரயில்வே பட்டறை. இங்கே திருவெறும்பூரில், 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்பத் துணையோடு எழுந்த கொதிகலன் ஆலை. அதைச் சுற்றித் துவாக்குடி வரை வரிசை வரிசையாகச் சிறு பட்டறைகள். பற்றவைப்புக் கலைக்கென்றே 1975-இல் இங்கு ஓர் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. இரும்பு நெருப்போடு பேசும் மொழி இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தாலாட்டிலேயே பழகியது.

அந்தக் கொதிகலன் வெல்டரின் வேலை என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் இரும்புக் குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாய் சுழலாது, இவர்தான் அதைச் சுற்றி வரவேண்டும். மேலே பற்றவைக்கும்போது ஒரு பிடி, பக்கவாட்டில் ஒரு பிடி, அடியில் அண்ணாந்து பற்றவைக்கும்போது வேறொரு பிடி. உருகிய உலோகம் கீழே சொட்டப் பார்க்கும், சொட்டாமல் நிறுத்தவேண்டும். முடித்த பிறகு, இணைப்பை ஊடுகதிர்ப் படம் எடுப்பார்கள். ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ் உள்ளே தங்கியிருந்தாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும். ஏன் இத்தனை கண்டிப்பு? இன்றைய பெருங்கொதிகலன்களில் நீராவி 221 பார் அழுத்தத்துக்கும் மேலே, 500 பாகை செல்சியசுக்கும் மேலே கொதித்துக்கொண்டிருக்கும். ஓர் இணைப்பு விட்டால் ஓர் உயிர் போகும். ஆகவேதான், இந்தியக் கொதிகலன் விதிமுறைகளின்படி தேர்வு எழுதித் தேறியவரே அதில் கை வைக்கலாம் என்கிறது சட்டம். அந்தத் தகுதியையும் காலந்தோறும் புதுப்பிக்கவேண்டும்.

படித்தவர்களே, சொல்லுங்கள்! இது கைவேலையா, அறிவு வேலையா? கையில் குடியிருக்கும் அறிவு அது!

அப்படியானால், அந்தத் தந்தையின் கண்ணீர் வீண்தானா? இல்லை, தோழர்களே, இல்லை! அந்தக் கண்ணீருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1953. சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆச்சாரியார் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மிச்ச நேரம்? வீட்டில் தகப்பன் செய்யும் தொழிலைப் பழகட்டும் என்றார். கேட்கக் கேட்க இனித்தது. உழைப்பின் உயர்வு என்றார்கள். இடமில்லாப் பள்ளிகளில் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்றார்கள். ஆனால் வெள்ளை வேட்டிக்குள் ஒளிந்திருந்த விலங்கைக் கண்டு சொன்னார் பெரியார். நாவிதர் மகன் நண்பகலுக்குப் பின் என்ன கற்பான்? வெளுப்பவர் மகள் என்ன கற்பாள்? வழக்கறிஞர் மகனோ, வாய்தாவும் வாதமும் கற்பான்! பிறப்பு வகுத்த வேலியைப் பள்ளிக்கூடமே காவல் காக்கும் என்பதைக் கண்டார். ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டினார். நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் குழியில் இறங்கியது.

இந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்லவேண்டும். ஆனால் ஓர் ஐயத்தை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளவும் வேண்டும். அன்று நாம் எதிர்த்தது எதை? உளியையா? உலையையா? துருத்தியையா?

அந்தத் தோழரின் தகப்பனார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். எண்பதைக் கடந்தவர். 1953-இல் பள்ளியிலிருந்து பாதிநாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் இவரும் ஒருவர். திட்டம் ஒழிந்த பிறகு முழுநேரமும் பள்ளியில் உட்கார்ந்து எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பிறகு ஆலையில் உதவியாளாக நுழைந்து ஓய்வு பெற்றவர். மேடையேறுவதற்கு முன் அவரிடமே கேட்டேன்: “ஐயா, பேரன் இப்படிச் சொல்கிறானே, உங்களுக்கு வருத்தம் இல்லையா?”

அந்த முதியவர் சிரித்தார். “எனக்கு அன்றைக்குக் கேட்காமல் கொடுத்தார்கள், தம்பி. இவன் கேட்டு வாங்குகிறான். இரண்டும் ஒன்றா?” என்றார்.

தோழர்களே! நான் ஒரு மணி நேரம் பேசிச் சொல்லவேண்டியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். கேட்காமல் தலையில் கட்டினால் அது குலக்கல்வி. தெரிந்து, தேர்ந்து, விரும்பி எடுத்தால் அது தொழிற்கல்வி. அதனால்தான், குலக்கல்வியைக் குழிதோண்டிப் புதைத்த அந்தப் பெரியாரின் நூற்றாண்டுப் பெயரைத் தாங்கியே வல்லத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி நிற்கிறது. முரண்பாடா அது? முழுப் பொருத்தம்!

பழைய விலங்கு போய்விட்டது என்று படுத்து உறங்கவும் முடியாது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விசுவகர்மா பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. தச்சர், கொல்லர், குயவர், முடிதிருத்துவோர், வெளுப்போர் என 18 மரபுத் தொழில்கள். கருவி தருவோம், பயிற்சி தருவோம், கடன் தருவோம் என்றார்கள். தரட்டும்; கைவினைஞருக்குக் கடன் வேண்டாம் என்பாரில்லை. ஆனால், குடும்ப வழி வந்த தொழில் என்றொரு முடிச்சு. குறைந்த வயது 18 என்றொரு முடிச்சு. பதினெட்டு என்ன வயது? கல்லூரி வாசலில் கால் வைக்கும் வயது! அந்த வயதில் குலத்தொழிலுக்குக் கடன் நீட்டினால், பிள்ளை எந்தப் பக்கம் திரும்புவான்? 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, இந்த வடிவில் ஏற்பதற்கில்லை என்று எழுதியது. குடும்பத் தொழில் என்னும் கட்டை அவிழ்த்துவிடு, வயதை 35 ஆக்கு என்றது. 2025-இல், 35 வயதுக்கு மேற்பட்டோருக்கென, குலத்தைக் கேளாமல் தொழிலை மட்டும் கேட்கும் கைவினைத் திட்டம் ஒன்றையும் கலைஞர் பெயரால் தொடங்கியது. வேறுபாடு புரிகிறதல்லவா?

இனி அடுத்த கேள்விக்கு வருகிறேன். விரும்பி எடுத்தாயிற்று, கற்றாயிற்று. கஞ்சி ஊற்றுமா அந்தத் தொழில்?

இங்கேதான், இளைஞனே, உன்னிடம் ஒளிக்காமல் பேசவேண்டியிருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவன் தொழிற்பழகுநனாக ஆலைக்குள் நுழைகிறான். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் அவனை என்னவென்று அழைக்கிறது? பயிற்சி பெறுபவன் என்கிறது. தொழிலாளி அல்லன் என்கிறது! காலையில் அட்டை தேய்த்து உள்ளே போகிறான், எந்திரத்தின் முன் நிற்கிறான், பொருள் செய்கிறான், பொருள் விற்பனையாகிறது, ஆதாயம் முதலாளி பெட்டிக்குப் போகிறது. ஆனால் தொழிலாளி அல்லன்! 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும், ‘தொழிலாளி’ என்னும் சொல்லின் வரையறையிலிருந்து தொழிற்பழகுநரைத் தள்ளியே வைத்திருக்கிறார்கள்.

உதவித்தொகைக் கணக்கைப் பாருங்கள். 2019-இல் திருத்திய விதிகள், ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்ற பழகுநருக்கு மாதம் 7,000 ரூபாய் என்று குறைந்த அளவை வகுத்தன. மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வகுத்தால், நாளொன்றுக்கு 269 ரூபாய். 2024-25-இல், நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாட்கூலி 319 ரூபாய். கூட்டிக் கழித்துப் பாருங்கள்! இரண்டாண்டு படித்து, நுண்ணளவுமானி பிடித்து, மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அளக்கக் கற்ற கைக்கு, மண்வெட்டி பிடித்த கையைவிட ஐம்பது ரூபாய் குறைவு! மண்வெட்டிக்காரருக்கு அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்ததே குறைவு. இவனுக்குக் கொடுத்தது அதனினும் குறைவு என்கிறேன்.

இதோடு நின்றால் தாழ்வில்லை. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆள்பலத்தில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநரை வைத்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. கற்றுக்கொடுக்கத்தான் விதி செய்தார்கள். ஆனால், சட்டத்தின் பதிவேட்டில் ஏற்றாமலே, ‘பயிற்சியாளர்’ என்று கழுத்தில் அட்டை மாட்டி, ஓராண்டு முடிந்ததும் அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு புதிய முகங்களை அழைத்துக்கொள்ளும் ஆலைகளும் உண்டு. கரும்பைப் பிழிந்து சக்கையை எறிவதற்குப் பெயர் பயிற்சியாம்!

சந்தை என்றொரு கொடுமையும் இருக்கிறது. 2010-களில் அனல்மின் நிலைய வேலைகள் குறைந்தபோது, இந்தத் துவாக்குடி வட்டாரத்துப் பட்டறைகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கை மறந்துவிடவில்லை கலையை. ஆனால் கைக்கு வேலை இல்லை. ஒரே வாசலை நம்பிய ஊருக்கு, அந்த வாசல் சாத்தினால் ஊரே இருட்டு. தேர்ந்த வெல்டர்கள் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். தரகருக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி கட்டவே முதலாண்டு போயிற்று என்று திரும்பி வந்து சொன்னவர்கள் உண்டு. புகை நுரையீரலைத் தின்னும். கண்ணாடி போடாத கண்ணை வெளிச்சம் தின்னும். நாற்பதில் முதுகு வளையும்.

ஆகவே, ‘எல்லோரும் ஏன் கல்லூரிக்குப் போகவேண்டும்? ஏதாவது ஒரு தொழில் கற்கக் கூடாதா?’ என்று சொகுசு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சீமான்கள் பேசும்போது, ஒரு கேள்வி கேளுங்கள். “ஐயா, உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த ஐ.டி.ஐ.யில் படிக்கிறது?” என்று கேளுங்கள்! ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பட்டறை, சீமான் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் என்பது புதிய வருணம். பூணூல் இல்லாத வருணம்!

பட்டம் மட்டும் பால் வார்க்கிறதா என்றால், அதுவும் எல்லோருக்கும் இல்லை. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 2021-22-இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. இந்தியச் சராசரி 28.4. இது நம் இயக்கம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லவேண்டிய வெற்றி. ஆனால் பட்டம் பெற்றும் படித்த துறையில் வேலை கிடைக்காமல், கடனின் வட்டியோடு வீடு திரும்பும் பிள்ளையும் நம் பிள்ளைதான். ஆய்வுக்கூடமே இல்லாத கல்லூரியில் நான்காண்டு கழித்தவனைவிட, நல்ல ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு கற்றவன் தேர்ந்தவனாக இருப்பான். மோசமான ஐ.டி.ஐ.யில் துருப்பிடித்த கடைசல் எந்திரத்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவன், இரண்டுக்கும் கீழே நிற்பான்.

எனவே, தொழிலா பட்டமா என்று பொதுவாகக் கேட்பது, மாப்பிள்ளையைப் பார்க்காமலே நாள் குறிப்பது போல. நான்கு கேள்விகளை வைக்கிறேன். நான்கையும் கேட்டுப் பாருங்கள்.

முதற் கேள்வி: விரும்புவது யார்? பிள்ளையா, வறுமையா, குலமா? பிள்ளை விரும்பினால் தடுக்காதீர்கள். வறுமை தள்ளினால், தள்ளும் கையை முதலில் பிடியுங்கள். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்வோரோடு ஐ.டி.ஐ. சேர்வோரையும் சேர்த்தே மாதம் 1,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டவை. பட்டறைப் படிப்பும் படிப்புத்தான் என்று அரசாணை ஒப்புக்கொண்டது, ஊர் ஒப்புக்கொள்ளவேண்டாமா? மகள் விரும்பினாலும் இதே நீதிதான். ‘பெண்பிள்ளை திருப்புளி பிடிப்பதா’ என்று நம் தோழர் ஒருவர் கேட்டால், அவர் இன்னும் நம் தோழர் ஆகவில்லை என்று பொருள்.

இரண்டாம் கேள்வி: கற்பிப்பது யார்? எதைக் கொண்டு? 2022-இல், அரசு ஐ.டி.ஐ.க்கள் 71-ஐப் புதிய காலத்து எந்திரங்களோடு மேம்படுத்த 2,877 கோடி ரூபாயில் தமிழ்நாடு அரசு திட்டமிட்டது. அத்தகைய நிலையம் ஒன்றும், வாடகைக் கட்டடத்தில் பெயர்ப்பலகை மட்டும் பளபளக்கும் தனியார் நிலையம் ஒன்றும் ஒரே சான்றிதழைத்தான் தருகின்றன. ஆனால் ஒரே தொழிலைத் தருவதில்லை. சேர்வதற்கு முன் உள்ளே போய்ப் பாருங்கள். எந்திரம் ஓடுகிறதா? பயிற்றுநர் இருக்கிறாரா? முன்னாண்டு முடித்தவர் எங்கே வேலை செய்கிறார்?

மூன்றாம் கேள்வி: கதவு திறந்திருக்கிறதா? பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். இந்தப் படிக்கட்டு இருப்பதே நம் வீடுகளில் பாதிப் பேருக்குத் தெரியாது! அந்தத் தந்தைக்கும் தெரிந்திருக்கவில்லை. மகன் பட்டறை வாசலில் நுழைந்துவிட்டால் கல்லூரி வாசல் அடைந்துவிட்டது என்று அஞ்சினார். அடையவில்லை, தோழரே! பதினாறு வயதில் எடுத்த முடிவு, அறுபது வயது வரை ஆயுள் தண்டனை ஆகக் கூடாது. படிக்கட்டு இல்லாத தொழில் கிணறு. படிக்கட்டு உள்ள தொழில் குளம். இறங்கலாம், நீராடலாம், ஏறலாம்.

நான்காம் கேள்வி: கூலி என்ன, சங்கம் உண்டா? பழகுநர் ஒப்பந்தம் அரசின் பதிவில் ஏறியிருக்கிறதா? ஆண்டு முடிவில் தேர்வும் தேசியச் சான்றிதழும் உண்டா? முகக்கவசம், கையுறை, பாதுகாப்புக் காலணி யார் தருகிறார்? அடிபட்டால் ஈட்டுத்தொகை உண்டு என்று சட்டம் சொல்வது அவனுக்குத் தெரியுமா?

உரிமை கொடுத்தால் பயிற்சி கெட்டுவிடும் என்பார்கள். கைத்தொழிலுக்குப் பெயர் பெற்ற செர்மனியைப் பாருங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இளைஞன் வாரத்தில் பெரும்பகுதி நாட்கள் ஆலையிலும் ஓரிரு நாட்கள் பள்ளியிலுமாகப் பெரும்பாலும் மூன்று, மூன்றரை ஆண்டு தொழில் கற்கிறான். 2020 முதல் பழகுநருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. ஆலைக்குள் பழகுநர்களே தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சங்கத்தில் சேர்கிறார்கள். அதனால் அங்கே எந்திரம் நின்றுவிடவில்லை. மதித்தால்தான் கை நேர்த்தியாக வேலை செய்யும் என்று அவர்கள் சட்டமாக எழுதிவைத்தார்கள்.

தொழிலுக்கு மதிப்பு வந்தது முதலாளியின் கருணையாலா? சென்னையில் 1918-இல் ஆலைத் தொழிலாளர் சங்கம் கண்டதால் வந்தது. 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொடி ஏற்றியதால் வந்தது. இதோ கூப்பிடு தொலைவில் உள்ள பொன்மலையில், 1946 செப்டம்பர் 5-இல் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஐந்து தொழிலாளரின் குருதியால் வந்தது. அவர்கள் நெஞ்சில் குண்டு தாங்கியது, பேரன் ‘பயிற்சியாளன்’ என்ற பெயரில் கூலியும் சங்கமும் இல்லாமல் நிற்பதற்காகவா?

ஆகவே தோழர்களே, நம் வேலை என்ன? கைதட்டிவிட்டுக் கலைவதா? ஒவ்வொரு கிளையும் பள்ளித் தேர்வு முடிவு வரும் மாதத்தில் படிப்பக வாசலில் ஒரு மேசை போடட்டும். எந்த ஐ.டி.ஐ.யில் எந்தப் பிரிவு, எங்கே பயிற்றுநர் உண்டு, எங்கே இல்லை, படிக்கட்டு எங்கே ஏறுகிறது என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்லட்டும். வட்டாரத்து ஆலைகளில் ‘பயிற்சியாளர்’ அட்டை மாட்டிய பிள்ளைகளின் ஒப்பந்தம் பதிவானதா என்று தொழிற்சங்கத் தோழர்கள் ஒவ்வொன்றாய்க் கேட்கட்டும். பழகுநரும் தொழிலாளியே என்று சட்டம் திருத்தும் கோரிக்கையை மாநாட்டுத் தீர்மானத்தில் முதல் வரியில் எழுதட்டும். நம் படிப்பகங்களில் வரலாறு இருக்கிறது, இலக்கியம் இருக்கிறது. வரைபடம் படிக்கக் கற்றுத்தரும் தமிழ் நூல் ஒன்றாவது அடுத்த ஆண்டு விழாவுக்குள் அலமாரியில் ஏறட்டும்.

அந்தத் தந்தைக்கு நான் சொன்ன விடை இதுதான். “அண்ணே! உங்கள் தகப்பனார் நெருப்பின் முன் நின்றபோது, அவர் கையில் ஏடு இல்லை. விலகிச் செல்ல வழி இல்லை. கேட்க ஒரு சங்கம் இல்லை. உங்கள் மகன் நிற்கும்போது மூன்றும் இருக்கவேண்டும். இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் நெருப்பின் மேல் கோபம் கொள்ளாதீர்கள். அவற்றைப் பறித்தவர் மேல் கோபம் கொள்ளுங்கள். எங்களையும் கூப்பிடுங்கள்.”

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மகன் பக்கம் திரும்பி, “நாளைக்குப் போய் அந்த எந்திரங்களை நானும் பார்க்கிறேன்” என்றார். அவ்வளவுதான். நான் மேடையேறினேன்.

இளைஞனே! பட்டறைக்குப் போகலாமா என்று கேட்டாய். போ! ஆனால் உன் பாட்டன் போன வழியில் போகாதே. அவர் பிறப்பு தள்ளிப் போனார். நீ விருப்பம் அழைத்துப் போ. வலக்கையில் கருவியைப் பிடி. இடக்கையில் உரிமையைப் பிடி. இரண்டில் ஒன்றைக் கீழே போடு என்று எவன் சொன்னாலும், எந்தக் கொடி பிடித்தவன் சொன்னாலும், இந்தப் படிப்பகத்துக்கு வந்து சொல்.

நாங்கள் இருக்கிறோம்.